தலையைக் காட்டாத புழு

தோன்காவின் சித்தி ஸோரிட்சாவுக்குப் புழு என்றால் உயிர். மண்புழு இல்லை, கடலில் வாழும் சுணைப்புழு. அதன் உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகக் குட்டிக் குட்டி முடிகள் இருக்கும். இதுவரை யாருமே பெயர் வைக்காத ஒரு சுணைப்புழு சில்பா தீவுக் கடலில் இருக்கிறது என்று சித்தி நம்பினாள். அதை நிரூபிக்கத்தான் முடியவில்லை.

காலி நத்தை ஓட்டுக்குள் துறவி நண்டு குடியிருக்குமே, அதே ஓட்டின் கோடியில் போய் இந்தப் புழுவும் சுருண்டுகொள்ளும். சித்தி இடுக்கியால் இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வால்தான் அறுந்து வந்தது. வால் திரும்ப முளைத்துவிடும், அது பரவாயில்லை. தலைதான் வெளியே வரவே மாட்டேன் என்றது.

"தலையில எத்தனை கண்ணு, எத்தனை மீசை, தாடை எப்படி இருக்கு, இதெல்லாம் எழுதாம புதுப் புழுன்னு சொன்னா யாரு நம்புவா?" என்று சித்தி புலம்பினாள்.

சாயங்காலக் கப்பலில் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். மேசை மேல் இருந்த கண்ணாடித் தொட்டியில், காலையில் பிடித்த ஒரே ஒரு நண்டு, அதன் ஓட்டுக்குள் அந்தப் புழு.

பக்கத்து வீட்டு மீனவர் ஷிமே சுத்தியலோடு வந்தார். "ஒரே போடு. ஓடு உடைஞ்சா புழு வெளிய வந்துதானே ஆகணும்?"

"அப்புறம் நண்டு எங்க போகும், மாமா?" என்று தோன்கா கேட்டாள்.

"கடல்ல ஓட்டுக்கா பஞ்சம்? வேற தேடிக்கும்."

"வெறும் உடம்போட போனா, தேடறதுக்குள்ள மீன் தின்னுடாதா?"

ஷிமே தலையைச் சொறிந்தார். "தின்னுடும்தான்."

சித்தியின் முகம் வாடியது. "எனக்கும் பாவமாத்தான் இருக்கு, தோன்கா. ஆனா இதுக்காக எத்தனை கோடை அலைஞ்சிருக்கேன் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே சுத்தியலை வாங்கினாள்.

தோன்கா சட்டென்று தொட்டியின் மேல் கையை வைத்து மூடினாள்.

"சித்தி, அது சாப்பிட்டுச்சா?"

"எது?"

"நண்டுதான். காலையிலேருந்து இங்க இருக்கே, ஏதாச்சும் குடுத்தீங்களா?"

சித்தி விழித்தாள். "இல்லையே."

"வந்தவங்களுக்குச் சாப்பாடு போடாம சுத்தியலைத் தூக்கினா நல்லாவா இருக்கு?"

ஷிமே வயிறு குலுங்கச் சிரித்தார். "நியாயமான பேச்சு. எங்க வீட்ல வரி கேட்டு வந்தவருக்கே முதல்ல அத்திப்பழம் வெச்சோம்."

தோன்கா சமையலறைக்கு ஓடினாள். பச்சை மத்தி மீனில் ஒரு துண்டை நறுக்கி எடுத்து வந்து தொட்டியில் போட்டாள். நண்டு முதலில் நம்பவில்லை. பிறகு மெல்ல வெளியே வந்து, கொடுக்கால் மீனைப் பிடித்து வாயருகே கொண்டுபோனது.

அப்போது ஓட்டின் விளிம்பில் ஏதோ அசைந்தது. முதலில் இரண்டு மீசைகள், பின்னாலேயே ஊதா நிறத்தில் ஒரு தலை. ஆற அமர நீண்டு வந்த புழு, நண்டின் வாயில் இருந்த மீனை லபக்கென்று கவ்வி இழுத்தது.

"யாரும் அசையாதீங்க," என்று கிசுகிசுத்தபடியே சித்தி கேமராவை எடுத்தாள். "நாலு கண்ணு, ரெண்டு மீசை, தாடையும் தெரியுது. நெத்தியில வெள்ளைக் கோடு. இது புதுசுதான்."

"அடப்பாவி, வாயில வெச்சதையே பிடுங்குது," என்றார் ஷிமே.

"இன்னொரு துண்டு போடு, தோன்கா."

போட்டாள். அதையும் புழுவே பறித்துக்கொண்டது. சித்தி படமும் எடுத்தாள், வரைந்தும் கொண்டாள். சுத்தியல் எங்கே கிடக்கிறது என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

"இதுக்கு உன் பேரையே வைக்கட்டுமா?" என்று சந்தோஷத்தில் கேட்டாள்.

"ஐயோ வேணாம் சித்தி. ஸ்கூல்ல என்னைப் புழுன்னு கூப்பிடுவாங்க. அதோட எனக்குப் பிடுங்கித் திங்கிற பழக்கம் இல்ல."

அப்போதுதான் தோன்கா கவனித்தாள். நண்டு இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதனால் அடுத்த முறை இரண்டு துண்டுகளாகப் போட்டாள்.

ஒன்றைப் புழு தூக்கிக்கொண்டு உள்ளே போனது. மற்றதை நண்டு நிம்மதியாக மென்று தின்றது.