மார்கழி மாலை ஐந்தரை மணி

கடைச் சுவரில் கடிகாரம் ஐந்து அடித்தபோது நூர்முகம்மது அரிக்கேன் விளக்கை ஏற்றி வாசலில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் பழனிசாமி மேஸ்திரி வந்து நின்றார். கையில் ஒரு புத்தம் புதிய புத்தகம். பனைபோல நிமிர்ந்து நடக்கிற மனிதர், அன்றைக்குத் தலை குனிந்திருந்தார்.

"தங்கச்சி இருக்கா?"

அவர் கேட்டது நூர்முகம்மதுவின் மனைவி ஆமினாவை. அந்தமானில் இருக்கும் ரங்கத் ஊர்ப் படிப்பகத்துக்குக் கப்பலில் எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் படிப்பவர் ஆமினாதான். படித்து முடித்ததும் படிப்பகக் கரும்பலகையில் இரண்டு வரி எழுதுவார். ஒரு சரித்திரப் புத்தகத்துக்கு, "ராஜாக்கள் வரிசையாக வருகிறார்கள், உழுதவன் ஒருவனும் இல்லை" என்று எழுதினார். ஒரு துப்பறியும் நாவலுக்கு, "கொலைகாரன் கடைசி அத்தியாயத்தில்தான் ஊருக்கே வருகிறான். இது மோசடி" என்று எழுதினார். அதிகம் ரத்தம் சிந்தாமல், ஒரே ஊருக்குள், டீ குடித்தபடியே திருடனைப் பிடிக்கும் நாவல்கள்தான் அவருக்குப் பிடிக்கும். போர்ட் பிளேரில்கூட இப்படி ஒரு வாசகி கிடையாது என்று ரங்கத் கடைத்தெரு மார்தட்டிக்கொள்ளும். அதில் பொய்யும் இல்லை.

ஆமினா வெளியே வந்ததும் மேஸ்திரி புத்தகத்தை நீட்டினார்.

"என்னைக் காம்சோர்னு எழுதிட்டாங்க தங்கச்சி. வேலைக்கள்ளனாம் நான்! இதை எழுதினவர் வர்றார். நாளன்னிக்குப் படிப்பகத்துல கூட்டம். மாலை போட்டு, புத்தகத்தை ஸ்கூலுக்குக் குடுக்கப்போறாங்க. என் பேத்தி அங்கதானே படிக்கிறா? அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடலாமா?"

அந்தமான் குடியேற்றத்தைப் பற்றிக் கோவிந்தராஜ் என்பவர் எழுதிய சரித்திரம் அது; கூட்டத்துக்காகத் தலைமையாசிரியர் தருவித்தது, படிப்பகத்துக்கு இன்னும் வரவில்லை. ஆமினா உரக்கப் படித்தார்.

"மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் ரங்கத் சென்று நேரில் கண்டேன். கடல்நீர் வயலில் புகாதிருக்க மண்கரை போடும் வேலை பாதியில் கிடந்தது. மாலை ஐந்தரை மணிக்கே, மஞ்சள் வெயில் மரங்களின் மேல் இருக்கும்போதே, மேஸ்திரி பழனிசாமி தம் ஆட்களோடு மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்."

"யாரோ பொறாமைக்காரன் அச்சாபீஸ்ல புகுந்து மாத்திட்டான். பக்கா!" என்றார் நூர்முகம்மது. மனைவி படித்த நாவல்களையெல்லாம் பின்னாலேயே படித்துவிடுகிறவர் அவர்.

"பொறுங்க மச்சான். துப்பறியும் நாவல்ல பொய் சொல்றவனை எழுதினவரே கடைசியில பிடிச்சுக் குடுத்திடுவார். சரித்திரப் புத்தகத்துல அந்த வேலையைப் படிக்கிறவங்கதான் செய்யணும்" என்ற ஆமினா, மேஸ்திரியைப் பார்த்தார். "கிழிக்க வேணாம் அண்ணே. தடயத்தை யாராவது கிழிப்பாங்களா?"

மறுநாள் சாயங்காலம் நூர்முகம்மது கடைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"எழுத்தாளர் வந்திட்டார் ஆமினா. கப்பல்ல நாலு நாளும் வாந்தியாம், படுக்கையை விட்டு எந்திரிக்கவே இல்லையாம். காலையில போர்ட் பிளேர்ல இறங்கி நேரா ரங்கத் படகுல ஏறிட்டார். இங்க பஸ்ஸை விட்டு இறங்கினதும் வாட்ச்சைப் பார்த்தார், உதறினார், காதுல வச்சுப் பார்த்தார். அப்புறம் நம்ம கடைக்கு வந்து, 'என் வாட்ச் நின்னுபோச்சு போல, மணி என்ன?'ங்கிறார். அவர் வாட்ச்சும் நம்ம கடிகாரமும் ஒரே மணிதான் காட்டுது! மெயின்லேண்ட்காரருக்குத் தலைசுத்தல் தீரலை."

ஆமினா சிரிக்கவில்லை. "வாட்ச் மேல குத்தமில்லை. நாளைக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு?"

"அஞ்சு. குற்றவாளி யாருன்னு இப்பவே சொல்லேன்!"

"எல்லாரும் கூடட்டும்" என்றார் ஆமினா.

மறுநாள் படிப்பகத்தில் கதவு ஜன்னல்களைச் சாத்தி, கொசுவுக்குப் புகை போட்டு, பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தார்கள். தலைமையாசிரியர் சண்முகம் மாலை போட்டார். கோவிந்தராஜ் நன்றாகவே பேசினார். கடைசி வரிசையில் மேஸ்திரி யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த ஆமினா எழுந்து நின்றார்.

"சார், நீங்க கரையைப் பார்த்தது மார்கழிதானா?"

"மார்கழியேதான்."

"அஞ்சரை மணின்னு கடிகாரம் பார்த்து எழுதினீங்களா?"

"சரித்திரம் எழுதுகிறவன் மணி தப்பாக எழுதமாட்டான் அம்மா."

"சந்தோசம். இதுவும் மார்கழி. இப்ப மணி என்ன?"

கோவிந்தராஜ் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஐந்தரை."

"மச்சான், கதவைத் திறங்க."

நூர்முகம்மது ஓடிப்போய் இரண்டு கதவையும் விரியத் திறந்தார். வெளியே கும்மிருட்டு. மரமும் தெரியவில்லை, மரத்தின் மேல் வெயிலும் தெரியவில்லை. கூட்டம் ஒரு நொடி விழித்தது, பிறகு கொல்லென்று சிரித்தது.

"எங்களுக்கு இது பழகிப்போச்சு, அதனால படிச்ச யாருக்கும் உறைக்கலை" என்றார் ஆமினா. "மெட்ராஸ்ல அஞ்சரைக்கு வெயில் இருக்கும். இங்கே மார்கழியில அஞ்சு மணிக்கே சூரியன் போயிடும். ஒரு நாள் வந்து தங்கினவருக்கும் அது தெரியும். உங்களுக்குத் தெரியலை. அதான் நேத்து சாயங்காலம் இருட்டினதும் வாட்ச் நின்னுபோச்சுன்னு உதறினீங்க. இதுதான் நீங்க இந்தத் தீவுக்கு வர்ற முதல் தடவை, இல்லையா சார்?"

கோவிந்தராஜ் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நல்லவேளையாக அவர் மழுப்பவில்லை.

"உண்மைதான். மெட்ராஸில் ஒரு காண்ட்ராக்டர் சொன்னதைக் கேட்டு எழுதினேன். அவர் இங்கே இருந்தவர். ஐந்தரைக்கு வேலையை விட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். வெயில்... நானாகச் சேர்த்தது."

"அப்போ அஞ்சரை நிஜம்!" ஆமினாவின் குரல் உயர்ந்தது. "அண்ணே, பொழுது சாஞ்ச பிறகும் அங்கே என்ன செஞ்சீங்க?"

மேஸ்திரி எழுந்தார். இப்போது அவர் தலை நிமிர்ந்திருந்தது.

"பந்தம் கொளுத்தி வச்சுக்கிட்டு மண்ணு கொட்டினோம் தங்கச்சி. கடல் பெருகித் தண்ணி ஏறிட்டா அன்னிக்குப் போட்டதெல்லாம் கரைஞ்சிடும். கண்ணு தெரியாம ஒருத்தர் மேல ஒருத்தர் கொட்டினதும் உண்டு. கரை இன்னும் நிக்குது. போய்ப் பார்க்கட்டும்."

"காலையில் கூட்டிப்போவீர்களா?" என்று கேட்டார் கோவிந்தராஜ்.

"அஞ்சேகாலுக்குத் தயாரா இருங்க சார். எங்க ஊர்ல வெளிச்சமும் முன்னாடியே வந்திடும்."

அன்றைக்கே ஆமினா கரும்பலகையில் எழுதினார்: "இந்தச் சரித்திரத்தில் எங்கள் மேஸ்திரியைப் பற்றி ஒரே ஓர் உண்மை இருக்கிறது. மணி ஐந்தரை."

மேஸ்திரி அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு தலைமையாசிரியரிடம் சொன்னார்:

"அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும் சார். என் பேத்தி படிக்கட்டும்."