வெறுங்காது வாரம்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு மெற்றில்டா தன் காதிலிருந்து உணர்செவியைக் கழற்றி, ஆலை வாசலில் இருந்த பெட்டிக்குள் போட்டுக் கைரேகை வைத்தாள். மிளகளவு சாமான்தான். ஆனால் அது போனதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி வெள்ளி மாலைவரை வெறுங்காதுதான்.

தருவைக்குளம் கடலோரத்துக் குடிநீர் ஆலையின் வடிகட்டிப் பிரிவில் ஒன்பது பேர் அவளுக்குக் கீழே வேலை பார்த்தார்கள். ஒன்பது மணிக்கட்டிலும் மனப்பட்டை உண்டு. நாடித்துடிப்பு, வியர்வை, குரல் நடுக்கம் எல்லாவற்றையும் அது அளந்து மேலாளரின் உணர்செவிக்கு அனுப்பும். 'இவர் எரிச்சலில் இருக்கிறார், பிறகு பேசவும்', 'இவர் சோர்ந்திருக்கிறார், பாராட்டவும்' என்று செவி ஓதும். மெற்றில்டா அப்படியே செய்வாள். பதினோரு வருடமாக நல்ல பெயர். தொழிலாளிகளும் வாய் திறந்து எதையும் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். வந்து எதிரே நிற்பார்கள், அவ்வளவுதான்.

இது ரொம்பத்தான் போகிறது என்று அரசாங்கத்துக்கே தோன்றிப் புதுச் சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. தலைமை உரிமம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஐந்து நாள் செவியில்லாமல் வேலை வாங்கிக் காட்ட வேண்டும். கடைசி நாள் ஓர் அதிகாரி வந்து தொழிலாளிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேள்வி வருடா வருடம் மாறும், என்ன கேள்வி என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. போன வருடம் மெற்றில்டா தேறவில்லை, முதல் தடவை என்று விட்டுவிட்டார்கள். இந்த முறையும் தவறினால் கட்டுப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மனிதர்களுக்கு நடுவில் இருப்பது அவளுக்கு உயிர். அதனால் இந்த முறை ஒவ்வொரு முகத்தையும் பரீட்சைத்தாள் போல உற்றுப் படித்தாள்.

படித்ததெல்லாம் தப்பாகவே போயிற்று. புதன்கிழமை காலை, பம்புக்குப் பின்னால் இசக்கிராஜ் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். பிரிவிலேயே வயதில் மூத்தவர். வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று மெற்றில்டா முடிவு கட்டினாள். வீட்டில் சாவு என்றால் பம்பை நிறுத்தி எல்லோரும் ஒரு நிமிடம் நிற்பது அந்த ஆலையின் வழக்கம். அவள் பம்பை நிறுத்தினாள், மற்ற எட்டுப் பேரையும் கூட்டினாள், கேன்டீனில் அன்றைய பாயசத்தையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். அரை நிமிடம் போனபின் இசக்கிராஜ் மெல்ல வாய் திறந்தார்.

"மேடம், எங்க வீட்டுல யாரும் சாகல."

"பின்ன ஏன் அண்ணாச்சி அழுதீய?"

"மூணு மாசமா என் வீட்டுக்காரி என்கூடப் பேசல. இன்னைக்குக் கிளம்பும்போது, வரும்போது மல்லித்தழை வாங்கிட்டு வாரும்னு சொல்லிட்டா. அதான் தாங்க முடியல."

சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது மாதிரிதான். மெற்றில்டா முதலில் கூனிக்குறுகிப் போனாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தான் ஒரு மடச்சி என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு, பாயசத்தைத் திரும்பக் காய்ச்சச் சொன்னாள்.

அன்று மதியம் கற்பகவல்லி அவளிடம் வந்தாள். வழக்கம்போல நிற்கவில்லை, பேசினாள். "திங்கக்கிழமை திங்கக்கிழமை நல்லா வேலை செய்யுதீயன்னு சொல்லுவீயள்ல, அது வேண்டாம் மேடம். மூணாம் நம்பர் பம்பு ஒழுகுது, அதைச் சரி பண்ணித் தாங்க." மெற்றில்டாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சாயங்காலத்துக்குள் ஒழுக்கு அடைபட்டது. மறுநாள் முதல் ஒவ்வொருவராக வந்து அவரவர் குறையை, அவள் செய்த தப்பையும் சேர்த்து, கொட்டினார்கள்.

வெள்ளி மாலை அதிகாரி வந்து ஒன்பது பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்தார். அவர் கேட்ட கேள்வி, கண்ணாடிக்கு வெளியே நின்ற மெற்றில்டாவுக்கும் கேட்டது: "இந்த வாரம் உங்க மேலாளர் செஞ்சது தப்புன்னு அவங்ககிட்டயே யாராவது சொன்னீங்களா?"

ஒன்பது கைகளும் உயர்ந்தன. ஒன்பது தப்பு! எல்லாம் முடிந்தது என்று மெற்றில்டா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். வெளியே வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, போட்டுக்கொள்ளச் சொன்னார். இதுவரை அவர் போன ஆலைகளில் இரண்டு கைக்கு மேல் உயர்ந்ததே இல்லையாம். யாரிடம் பயப்படாமல் உண்மை சொல்ல முடிகிறதோ அவர்தான் தலைவர் என்பது இந்த வருடத்து அளவுகோலாம். மெற்றில்டா அட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

எல்லோரும் கிளம்பிப் போனபின்னும் இசக்கிராஜ் மட்டும் வாசலில் நின்றார்.

"எங்களுக்கெல்லாம் பட்டை இருக்கு மேடம். உங்களுக்கு ஒண்ணும் கிடையாதே. பதினோரு வருஷமா உங்களை யாருமே கேக்கலையேன்னு இப்பதான் தோணிச்சு. நீங்க எப்படி இருக்கீய?"

நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவளுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த பெஞ்சைக் காட்டினாள்.

"கொஞ்சம் உக்காருங்க அண்ணாச்சி," என்றாள். "சொல்லுதேன்."