பத்து நொடி மெஷின்

"ட்ர்ர்ர்ர்..."

மரம் அறுக்கும் மெஷின் கிளம்பிவிட்டது. நஸீபா மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று...

எட்டில் கரும்புகை விட்டது. ஒன்பதில் இருமியது. பத்தில் நின்றே போனது.

"சவத்த மெஷினு! உயிர வாங்குதே!" என்று கத்தினார் அவளுடைய வாப்பா மசூது.

இது ஐந்தாவது தடவை. கயிற்றை இழுத்து இழுத்து அவருக்குத் தோள்பட்டையே கழன்றுவிடும்போல இருந்தது. போதாக்குறைக்குச் சாரல் வேறு விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. இலஞ்சித் தென்னந்தோப்புக்குள் போகும் வண்டிப்பாதையில், முந்தின நாள் காற்றில் விழுந்த மாமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதில் ஒரு குச்சியைக்கூட வாப்பா இன்னும் வெட்டவில்லை.

வாப்பா ஒன்பது வருஷம் சவூதியில் வேலை பார்த்தவர். நஸீபாவுக்கு வயசே பதினொன்றுதான். அவர் ஊரில் இருந்த நாட்களைவிட, போனில் முகம் காட்டிய நாட்களே அதிகம். இந்த முறை வந்தவர், "இனி போகல. இங்கனயே மரம் அறுக்குற வேலை பாக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டார். கடையத்தில் மாடன் என்பவரிடம் இந்தப் பழைய மெஷினையும் வாங்கினார். இந்த மாமரம்தான் முதல் வேலை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால், அதைப் பார்க்க நஸீபாவும் ஆசையாக பைக்கில் ஏறி வந்திருந்தாள்.

வந்து ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆசையெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது.

தோப்புக்காரர் பால்வண்ணநாதன் அண்ணாச்சி குடையோடு வந்து நின்றார்.

"என்ன வே மசூது, மரத்த அறுக்கீரா, இல்ல தாலாட்டுப் பாடுதீரா?"

"இப்ப ஓடிரும் அண்ணாச்சி."

"பத்து மணிக்கும் இதத்தான் சொன்னீரு. பன்னெண்டு மணிக்குத் தேங்கா லாரி வருது. அதுக்குள்ள பாதை தெறக்கணும். பதினொண்ணு வரைக்கும் பாப்பேன். இல்லைன்னா தென்காசியில இருந்து வேற ஆள வரச் சொல்லிருவேன்."

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மணிமுத்து சிரித்தான். அவன் அந்தத் தோப்பில் தேங்காய் பறிக்கிறவன். மெஷினைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் யோசனை சொல்வதில் மட்டும் குறை வைக்கவில்லை.

"பாய், பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்."

வாப்பா பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுசாக ஊற்றினார்.

"ஆயில் கூடிட்டோ என்னவோ."

ஆயிலை அளந்து கலந்து மறுபடியும் ஊற்றினார்.

"ஒரு தட்டுத் தட்டிப் பாருங்களேன்."

"ஒன்னத்தான் தட்டணும்லே!" என்றார் வாப்பா.

அவர் பிளக்கைக் கழற்றினார். அதிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

"பாரு, அருவியில குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு. இப்படி நனைஞ்சா எப்படித் தீப்பொறி வரும்?"

பிளக்கைத் துணியால் துடைத்தார். உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேற, பிளக் இல்லாமலே கயிற்றை நாலு தடவை இழுத்தார். ஸ்பானரை எடுத்து பிளக்கைத் திரும்ப மாட்டினார். அந்த ஸ்பானருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை!

வாப்பாவின் பழக்கம் அப்படி. சவூதியிலிருந்து அவர் அனுப்பும் பெட்டியைப் பிரிப்பதற்குள் உம்மாவுக்கு அரைநாள் போய்விடும். பிளாஸ்டிக், அதன் மேல் டேப், அதன் மேலும் பிளாஸ்டிக். ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. சாரல் பட்டுவிடும் என்று பைக் சீட், ரிமோட், நஸீபாவின் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டிவிட்டார்.

"ட்ர்ர்ர்ர்..."

பத்து நொடி. நின்றுவிட்டது.

வாப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. போனை எடுத்து மாடனை அழைத்தார்.

"என்ன மெஷினலே என் தலையில கெட்டுன? ஏமாத்திட்டியேலே!"

"ஒங்க முன்னாலதான பாய் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினேன்?" என்று மாடனும் பதிலுக்குக் கத்தினார். அது நஸீபாவுக்கே கேட்டது. "இங்கன நல்லா ஓடுன மெஷினு அங்கன வந்து நின்னா நான் என்ன செய்யட்டும்?"

வாப்பா போனை அணைத்துவிட்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நமக்கு இது சரிப்படாது. பேசாம சவூதிக்கே போயிருதேன். அங்கன உள்ள மேஸ்திரி ஆதித்தன் திரும்ப வாரியான்னு வாட்ஸ்அப்புல கேட்டுக்கிட்டே இருக்கான். இன்னைக்குள்ள பதில் சொல்லணும்."

நஸீபாவுக்கு வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மெஷின் நின்றால் வாப்பா போய்விடுவாரா? இது என்ன நியாயம்?

அவள் மெஷினை முறைத்துப் பார்த்தாள். 'ஏன் பத்து? ஏன் எப்பவும் பத்து?'

"வாப்பா, இந்தச் சோக்கு எதுக்கு?" என்று மெஷினின் பக்கவாட்டில் இருந்த குமிழைத் தொட்டுக் கேட்டாள்.

"ஏட்டி, இப்ப அதுதான் முக்கியமா?"

"சொல்லுங்க வாப்பா."

"அது காத்த அடைக்கும். காத்து குறைஞ்சா பெட்ரோல் நெறையப் போகும். கிளப்புறதுக்கு மட்டும் அது வேணும். கிளம்புன பெறவு தொறந்து விட்ரணும். தொறக்கலைன்னா இப்படித்தான் பெட்ரோல் ஏறி நின்னு போகும்."

"நீங்க தொறந்தீங்களா?"

"பின்ன? ஒவ்வொரு தடவையும் தொறந்தேன்!"

நஸீபா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ கிளப்புங்க வாப்பா. ஆனா சோக்கத் தொறக்காம அப்படியே விடுங்க. நான் எண்ணுதேன்."

"கோட்டி கீட்டி பிடிச்சிட்டா ஒனக்கு?"

"ஒரே ஒரு தடவ!"

மகள் கேட்டு அவரால் மறுக்க முடியாது. முணுமுணுத்துக்கொண்டே பிளக்கைத் துடைத்து மாட்டிக் கயிற்றை இழுத்தார். மெஷின் கிளம்பியது. கரும்புகை விட்டது, இருமியது, நின்றது.

"பத்து!" என்றாள் நஸீபா. "தொறந்தாலும் பத்து, மூடுனாலும் பத்து. அப்ப சோக்குல தப்பில்ல வாப்பா. காத்து வேற எங்கனயோ அடைச்சிருக்கு!"

மணிமுத்து சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அவள் சொல்வது சரியாகத்தான் இருந்தது.

"காத்து எந்த வழியா உள்ள போகும் வாப்பா?"

"மேல இந்த மூடிக்குள்ள தூசிய வடிகட்டுற பில்டர் இருக்கு. அது வழியாத்தான் போகும். அங்கன ஒரு தொந்தரவும் இருக்காது. அத நானே பத்திரமா பாத்து வச்சிருக்கேன்."

"நான் தொறந்து பாக்கட்டா?"

"என்னத்தையும் செய்." வாப்பா பிளக்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நஸீபா திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பில்டரைச் சுற்றி வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் பை. நாலு மூலையும் அழகாக மடித்து, மேலே பழுப்பு டேப் போட்டு இறுக்கி ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் டேப் கொஞ்சம் விட்டிருந்தது. அந்த இடுக்கில் போன காற்றை வைத்துக்கொண்டுதான், பாவம், அந்த மெஷின் பத்து நொடியாவது ஓடியிருக்கிறது!

இப்படி மூலை மடிக்க இந்த ஊரில் ஒருவரால்தான் முடியும்.

வாப்பாவும் எட்டிப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் வேர்த்தது.

"சாரல் உள்ள போயிரக் கூடாதேன்னு..." என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"என்னட்டி, உள்ள என்ன கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். மணிமுத்துவும் மரத்திலிருந்து குதித்து இறங்கினான்.

நஸீபா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். முதல் வேலை. அண்ணாச்சி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். அவள் பிளாஸ்டிக்கைச் சடக்கென்று உருவிக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

"குப்பை, மாமா. காத்த அடைச்சிட்டு இருந்துது."

பிறகு வாப்பாவின் காதருகே குனிந்தாள். "மாடன் மாமாவத்தான் சும்மா ஏசிட்டீங்க."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே இருந்த பெட்ரோலை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டினார். நஸீபாவைத் தூரமாக ஒரு தென்னைக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். கயிற்றை இழுத்தார்.

"ட்ர்ர்ர்ர்..."

எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று!

"பதினொண்ணு! வாப்பா, பதினொண்ணு!" என்று குதித்தாள் நஸீபா. முப்பது வரை எண்ணினாள். அதற்குமேல் எண்ணவில்லை. மெஷின் மரத்தில் இறங்கிவிட்டது. மரத்தூள் மாவுபோல் பறந்தது.

லாரி வந்து ஹாரன் அடித்தபோது கடைசித் துண்டை மணிமுத்து ஓரமாக உருட்டிக்கொண்டிருந்தான். லாரி பாதையில் நிற்காமல் உள்ளே போனது.

"பரவால்லையே வே!" என்றார் அண்ணாச்சி. "வடகரையில என் மச்சான் தோப்புலயும் ரெண்டு மரம் சாஞ்சு கெடக்கு. நாளைக்கு வாரும்."

"வாரேன் அண்ணாச்சி. ஆனா ஒரு விஷயம். அந்தக் குப்பை மாடன் போட்டது இல்ல. சாரலுக்குப் பயந்து நான்தான் பில்டரப் பிளாஸ்டிக்குல கெட்டி வச்சேன்."

அண்ணாச்சி குடையை நழுவவிட்டுச் சிரித்தார். மணிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மாடனுக்குப் போன் போட்டார்.

"மாடா, மெஷினு தங்கமான மெஷினுலே. தப்பு என் பேர்ல. மனசுல வச்சுக்காத."

அவர் போனை வைத்ததும் டிங் என்று ஒரு சத்தம். மேஸ்திரி ஆதித்தன்தான். 'என்ன முடிவு?' என்று கேட்டிருந்தார்.

வாப்பாவின் கையெல்லாம் ஆயில். போனை நஸீபாவிடம் நீட்டினார்.

"வரலைன்னு எழுதி அனுப்பு புள்ள."

அவர் மனசு மாறுவதற்குள் நஸீபா விறுவிறுவென்று தட்டி அனுப்பிவிட்டாள்.

"அப்படி என்னட்டி எழுதுன? காட்டு."

திரையில் இப்படி இருந்தது:

'வாப்பா வர மாட்டாங்க. நாளைக்கு வடகரையில ரெண்டு மரம் இருக்கு.'