அக்காவின் பேருக்குப் பதில்

அக்காவின் பாய் மறுபடியும் ஈரமாக இருந்தது.

சுருட்டி மூலையில் சாத்தி வைத்த பாய். பதினேழு நாளாக யாரும் விரிக்காத பாய். கூரைத் தகரம்தான் ஒழுகுகிறது என்று வினோதா அண்ணாந்து பார்த்தாள். தகரம் காய்ந்து கிடந்தது. ஒழுகினாலும் எவன் வந்து பார்க்கப் போகிறான்? தோட்டத்து ஆபீசுக்கு மூன்று முறை நடந்து எழுதிக் கொடுத்ததுதான் மிச்சம். எரிச்சலோடு பாயை வாசலுக்கு இழுத்து உதறினாள். சரசரவென்று மணல் கொட்டியது. உப்பு வாடை மூக்கில் ஏறியது. லிந்துலைத் தேயிலை மலையில் கடல் மணல் எங்கிருந்து வரும் என்று நின்று யோசிக்க நேரமில்லை. ஆறு மணிக்குப் பெரட்டு, பேர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

அக்கா லோஜினி அப்போது சைப்ரஸில், லிமசோல் என்ற கடற்கரைப் பட்டணத்தில் இருந்தாள். அவள் புருஷன் தர்ஷனுக்கு அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. இரண்டு வருஷமாக முகம் பார்க்காத மனுஷனைப் பார்த்துவிட்டு வர விசா கிடைத்திருந்தது. பத்தே நாள்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், போன இடத்தில் தேதியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். தோட்டத்தில் லீவு கொடுக்கவில்லை. சொல்லாமல் நின்றால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு, அது அக்காவின் பேரில்தான் இருந்தது. வினோதா பேர் பதியாத தற்காலிக ஆள். துரத்திவிட்டால் அவளுக்குப் போக ஓர் இடமில்லை.

அதனால் காலைப் பெரட்டில் அக்காவின் பேருக்கும் அவளே பதில் சொன்னாள்.

பெரட்டுக்களத்தில் பனி இடுப்பு வரைக்கும் நிற்கும். தலையில் துணியும் இடுப்பில் படங்குச் சாக்குமாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் புதிய ஆள், யார் முகமும் தெரியாது, பேர் குறிக்கும் செக்ரோலை விட்டுத் தலை நிமிர்த்தவும் மாட்டார். லோஜினி என்று கூப்பிட்டதும் வினோதா பக்கத்தில் நிற்கும் மீனம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி, குரலைத் தடிப்பாக்கி "இருக்கேங்க" என்பாள். தற்காலிகப் பேர்கள் கடைசியில் வரும். அப்போது தன் குரலில் இன்னொரு "இருக்கேங்க". பிறகு பகல் முழுக்க இரண்டு ஆள் கொழுந்தைத் தனியாகப் பறித்து, இரண்டு பையில் போட்டு, இரண்டு தோளும் இற்றுப்போக இறங்கி வருவாள். அக்காவைத் திட்டாத நாளில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல். சைப்ரஸில் இப்போது இலையுதிர் காலமாம். வீடியோவில் ஓர் இலையும் உதிரக் காணோம். கடல், அடுக்கி வைத்த நாற்காலிகள், மாதுளம்பழம். முதல் வாரம் அக்கா எல்லாவற்றையும் காட்டிச் சிரித்தாள். அப்புறம் புலம்பல்தான். கடைக்காரன் தன்னை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவளிடம் என்ன வேண்டும் என்கிறானாம். தர்ஷன் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். புருஷன் பெண்டாட்டிச் சண்டையை இங்கே நோகிற இடுப்போடு நான் கேட்க வேண்டுமா என்று வினோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயந்தரம் அக்காவின் கன்னத்துக்குக் குறுக்கே ஒரு கம்பி தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த பால்கனிக் கம்பி. சிக்னல் கோளாறு என்று வினோதா போனைத் தட்டினாள்.

"விடியுறதுக்கு முன்ன யாரோ என் பேரைக் கூப்பிடுறாங்கடி," என்றாள் அக்கா. "நான் வாயே தெறக்கல. வேற யாரோ இருக்கேங்கன்னு சொல்றாங்க. சொன்ன ஒடனே எனக்கு இங்க நிக்க முடியல."

லைன் அறுந்தது. வினோதா திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள், போகவேயில்லை.

மறுநாளும் பயந்துகொண்டேதான் "இருக்கேங்க" என்றாள். காம்பராவை நினைத்தாள், சொல்லிவிட்டாள். சாயந்தரம் தர்ஷன் போன் பண்ணினார். அவர் குரல் உடைந்திருந்தது. வீடு உள்பக்கம் பூட்டினபடி இருக்கிறதாம். செருப்பு, பாஸ்போர்ட், போன், எல்லாம் கட்டிலில் இருக்கிறதாம்.

"வினோதா, அக்கா அங்க வந்துட்டாளா?" என்றார்.

வினோதா தொட்டியடியில் உட்கார்ந்து அழுதாள். காம்பராவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், அக்கா திரும்பி வந்தால் போதும். நாளைக்கு அந்தப் பேருக்கு வாயைத் திறக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தாள்.

காலையில் பனி அதிகமாக இருந்தது. முத்துலிங்கத்தின் டார்ச் வெளிச்சம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது.

"லோஜினி."

வினோதா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"லோஜினி."

முத்துலிங்கம் ஆள் இல்லை என்று குறிக்கப் பேனாவைத் தாளில் வைக்கப் போனார்.

"இருக்கேங்க."

குரல் அவள் முதுகுக்குப் பின்னால். அக்காவின் குரல். சொந்தக் குரல்.

முத்துலிங்கம் கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். மீனம்மா ஈரம் பட்டதுபோலக் காலை நகர்த்தி வைத்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். உப்பு வாடை. பிடரியில் குளிர்ந்த மூச்சு. வினோதா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. இன்னும் ஏழு பேர். நான்கு பேர். ஒரு பேர்.

"வினோதா."

அவள் வாயைத் திறந்தாள். ஈர விரல்கள் பின்னாலிருந்து வந்து உதட்டை மூடின. நாக்கில் மணல்.

"அவ வரலைங்க," என்றது அக்காவின் குரல்.

முத்துலிங்கம் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

விரல்கள் விலகின. வினோதா கத்தினாள். யாரும் திரும்பவில்லை. மீனம்மா அவள் நின்ற இடத்தின் ஊடாகவே நடந்து போனாள். பெண்கள் ஒவ்வொருவராக மலை ஏறினார்கள். கடைசியாக அக்கா. வினோதாவின் படங்கை இடுப்பில் கட்டியிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே பனி விலகியது. ரோடு இருக்க வேண்டிய இடத்தில், தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, சாம்பல் நிறக் கடல் வினோதாவை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது.