தடியனின் அளவு

குழந்தைச் சட்டையின் கை போதவில்லை. காலையில்தான் டைலர் அதைத் தைத்து முடித்திருந்தான். மதியம் போட்டுப் பார்த்தால் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரல் தூக்கி நிற்கிறது. இருபது வருடமாக டேப் பிடிக்கிறவன்; அளவில் தப்பு வரலாம், இத்தனை தப்பு வராது. வெட்டும்போது கண் எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி அளந்தான். மணிக்கட்டு தடித்திருந்தது. ஆறு மாதக் குழந்தையின் கையில் கறுத்த முடி முளைத்திருந்தது.

தொழிலில் டைலர், பிறப்பில் உருமாறி. ஒன்பது வருடமாக அவனோடு குடித்தனம் நடத்தும் தடியனும் அதே கூட்டம்தான். தடியன் தொலைதூர பஸ் டிரைவர், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். யாருடைய உருவத்தையும் சட்டை போலப் போட்டுக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பிள்ளை கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் அவர்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தி, வளர்க்க வழியில்லாமல் இதைக் கொடுத்தாள்.

"பேச்சு வர்ற வரைக்கும் இது முன்னாடி சொந்த உருவத்துலயே இருங்க" என்றாள். "இன்னொருத்தரைப் போட்டுக் காட்டிடாதீங்க. நாம போட்டா கழட்டிடுவோம். குழந்தை முழுசா எடுத்துக்கும். திருப்பிக் குடுக்கத் தெரியாது."

டைலர் காட்டிவிட்டான். தடியன் நெஞ்சில் படுத்தால்தான் குழந்தை தூங்கும். அவன் வண்டி எடுத்துப் போன நாளிலிருந்து வீடே இரண்டுபடும்படி அழுகை. நேற்று, ஒரே ஒரு நிமிஷம் என்று தடியனைப் போட்டுக்கொண்டான். அழுகை கப்பென்று நின்றது. அந்த அகலத் தோள், கழுத்தில் ஒட்டியிருக்கும் டீசல் வாசனை. அவனுக்கே கழற்ற மனசு வரவில்லை. அப்புறம் இன்னும் இரண்டு தடவை போட்டான்.

போன் அடித்தது.

"டேய் டைலரு, என்னடா யூனிஃபார்ம் தச்சிருக்க? தொளதொளன்னு கெடக்கு. பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டே டீ குடிச்சேன்."

"ஒழுங்கா சாப்பிட்டாத்தானே உடம்புல நிக்கும்" என்றான் டைலர். சிரிப்பு வரவில்லை. தடியனின் குரல் சன்னமாக இருந்தது.

வெயில் சன்னலை விட்டு இறங்கியது. உள்ளறையில் மரத்தொட்டில் நிதானமாக முனகியது, பளுவான எதையோ தாங்குகிற முனகல். எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. அங்கிருந்து டீசல் வாசனை வந்தது.

மறுபடி போன்.

"பிரேக்குக்குக் கால் எட்டலடா." தடியன் அழுதுகொண்டிருந்தான். "டிப்போவுக்குத் திரும்புற வழியில வண்டியை ஓரங்கட்டிட்டேன். நம்ம தெரு முனைதான். நடந்தே வந்துடறேன். எனக்கு என்னடா ஆவுது?"

"நான்தான்டா பண்ணினேன். குழந்தை முன்னாடி உன்னைப் போட்டுக்கிட்டேன்."

"ஏன்டா?"

"நீ இல்லாம இருக்க முடியலடா."

போனில் மூச்சு மட்டும் கேட்டது. சின்ன, வேகமான மூச்சு.

தொட்டில் உடைந்தது.

டைலர் விளக்கைப் போடவில்லை. வீடு இருட்டிக்கொண்டு வந்தது. வாசல் கதவை யாரோ தட்டினார்கள். முழங்காலுக்கும் கீழே. மெதுவாக. பிறகு கைக்குழந்தையின் அழுகை.

அவன் எழுந்தான்.

உள்ளறையில் ஒரு பாதம் தரையில் பதிந்தது. இன்னொன்று.

"நீ உக்காரு" என்றது தடியனின் குரல். "நான் பாக்கறேன்."

குனிந்து உள்ளறை வாசலைக் கடந்தது. அதே தோள். அதே நடை. முகத்தில் மட்டும், அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் பூரிப்பு. தாழ்ப்பாளை நீக்கியது.

படியில் காக்கிச் சட்டை ஒன்று குவிந்து கிடந்தது. அதற்குள் ஏதோ நெளிந்தது. தடியன் உருவத்தில் நின்றது குனிந்து, சட்டையோடு சேர்த்து வாரி எடுத்து, உச்சி முகர்ந்து, டைலரின் கையில் கொண்டுவந்து வைத்தது.

"நம்ம குழந்தைடா" என்று சிரித்தது. கதவைச் சாத்தியது.

காக்கித் துணிக்குள்ளிருந்து தடியனின் கண்கள் டைலரைப் பார்த்தன. பிஞ்சுக் கைகள் இரண்டும் அவன் சட்டையை இறுகப் பிடித்திருந்தன. பல்லில்லாத வாய் திறந்து திறந்து மூடியது.