கடைசியில் வரும் கை

"அக்கா, நானாட நகத்துக்குள்ள என்ன, மண்ணா?" என்று தர்சினி எழுதியிருந்தாள். கூடவே ஒரு சிரிக்கும் முகம். பஸ்மினா அஸர் தொழுதுவிட்டு வந்து, அடுப்படி வாங்குப் பலகையில் உட்கார்ந்து அதைப் படித்தாள்.

தர்சினி காரைதீவுப் பிள்ளை, இப்போது டோஹாவில் தாதியாக இருக்கிறாள். நேரில் ஒருநாளும் கண்டதில்லை என்றாலும், காய்ச்சல் வந்தால்கூடப் பஸ்மினாவுக்குத்தான் முதலில் எழுதுவாள். பெண்கள் மட்டும் உள்ள அந்தச் சமையல் குழுவில் இப்படி ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். பஸ்மினாவின் காணொளிகளில் அவளுடைய கைகளும் குரலும் மட்டுமே வரும், முகம் வராது. கடைசியில் மட்டும் பக்கத்திலிருந்து ஒரு ஆண்கை உள்ளே வந்து, ஆக்கியதில் முதல் துண்டைப் பிய்த்துக்கொண்டு போகும். அது அவள் கணவன் றாஸிக்கின் கை; குழுவில் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன். பாதிப் பேர் அந்தக் கைக்காகத்தான் முடியும்வரை பார்ப்பார்கள்.

பஸ்மினா இந்த வாரக் காணொளியை நிறுத்திப் படத்தைப் பெரிதாக்கினாள். தேங்காய்ப்பூ ரொட்டியை நோக்கி நீண்டிருந்த விரல்களின் நகங்களுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்திருந்தது. கல்முனை பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தாலும், கையைத் தேய்த்துக் கழுவாமல் றாஸிக் சாப்பாட்டில் உட்கார்ந்தவர் அல்ல. அதைவிட, அந்தக் கை இந்த வாரம் எடுத்ததே அல்ல. போன வருசத்துக் காணொளி ஒன்றிலிருந்து நாலு விநாடியை வெட்டி, அவளே கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். றாஸிக் மவுத்தாகி, அவரை அடக்கி எழுபத்துநாலு நாளாகிவிட்டது.

குழுவுக்கு அது தெரியாது. சொல்லாமல் விட்டது அவள்தான். நடுப்பகல் லுஹருக்குக் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த மனிதரைப் பொழுதுபடும் மக்ரிபுக்கு முன்னே அடக்கிவிட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் அறிவித்தது. உடலைச் சுமந்த சந்தூக்கு வாசல் தாண்டியதை மட்டும்தான் அவள் பார்த்தாள், பெண்கள் மையவாடிக்கு, அடக்கும் இடத்துக்கு, போவதில்லையே. மண் போட்டதைப் பார்த்திருந்தால் மனசு ஒருவேளை நம்பியிருக்கும். இத்தாவில், கணவனை இழந்தவள் வெளியே போகாத அந்த நாட்களில், வீட்டோடு இருந்தவளுக்கு அவர் கடைக்குப் போய் இன்னும் வரவில்லை என்பதுபோலவே இருந்தது. பத்தாம் நாள் போனைத் திறந்தால், "நானா சுகமா?" என்று நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். "ஓம், சுகம்" என்று எழுதினாள். எழுதியபோது அது உண்மைபோலவே பட்டது, பாவம். பிறகு, வாய் திறக்குமுன், குழுவில் இருந்த ஊர்க்காரிகள் நாலைந்து பேரையும் மெல்ல நீக்கிவிட்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் அவளுடைய மூத்த சகோதரி றுஸ்தா சோற்றுப் பார்சலோடு வந்தாள். மேசையில் கிடந்த போனைப் பார்த்ததும் அவளுடைய முகம் மாறிவிட்டது.

"இன்னும் அவர்ர கைய ஒட்டுறியா, புள்ள?"

"அவங்க கேக்குறாங்க ராத்தா."

"கேட்டா உள்ளதச் சொல்லன். மவுத்தான மனிசன ஒவ்வொரு கிழமையும் தட்டுக்குக் கூப்பிடுறாய். அவர் நிம்மதியாக் கிடக்க வேணாமா?"

"சொன்னா ஆயிரத்தி இருநூறு பேரும் இன்னாலில்லாஹி எண்டு எழுதுவாங்க. அதுக்குப் பொறகு அவர் ஒரு இடத்திலயும் இல்ல ராத்தா."

றுஸ்தா தங்கையின் தலையைத் தடவிவிட்டு, பார்சலைப் பிரித்து வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை பஸ்மினா வட்டிலப்பம் செய்தாள். ஒட்டுவதற்கு முன் பழைய துண்டை மூன்று தரம் ஓடவிட்டு, நகம் நகமாகப் பார்த்தாள். சுத்தமான கை, கோடுபோட்ட சட்டையின் முழுநீளக் கை, நாலே விநாடி. குழுவில் ஏற்றிவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி திறந்தாள். பக்கத்து வீட்டுத் தையல் மெசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, மெயின் வீதியில் பஸ் ஒன்று நீளமாக ஹோன் அடித்துக்கொண்டு போனது, அடுப்பிலிருந்து ஏலக்காயும் சர்க்கரையும் மணந்தன, அந்த மணத்துக்கு அடியில், முதலில் பிடிபடாமல், மையத்தை, இறந்த உடலை, குளிப்பாட்டும்போது கரைக்கிற கற்பூரத்தின் வாசனை மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது.

கை வந்தது. மணிக்கட்டில் சட்டை இருக்கவில்லை. வெள்ளைத் துணி சுற்றியிருந்தது, ஓரம் தைக்காத துணி. விரல்கள் தட்டை நோக்கி ஊர்ந்தன. நாலு விநாடி முடிந்தது. பத்து. பதினைந்து. இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன.

"நானாவுக்குச் சுகமில்லையா? கை நடுங்குது" என்று யாரோ அதற்குள் எழுதிவிட்டார்கள்.

அவள் காணொளியை அழித்தாள். நல்ல கையை ஒருதரம் கண்டால் போதும் என்று பழையவற்றைத் திறந்தாள். நோன்புக் கஞ்சி எடுத்த நாள். பெருநாளுக்கு முந்திய நாள். கலியாணம் முடித்து ஏழாம் வருசம், அவர் பகிடிக்கு இரண்டு துண்டு எடுத்த நாள். எல்லாவற்றிலும் அதே துணி. அதே மண். நாற்பத்தொரு காணொளியிலும் ஒரே கை, ஒன்றைவிட மற்றதில் கொஞ்சம் கறுப்பாக. அவளிடம் மிச்சமிருந்த றாஸிக்கும் போய்விட்டார். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இந்த இரண்டரை மாசமாக அழாத அழுகையை அழுதாள். ராத்தா சொன்னதுதான் சரி. கூப்பிட்டால் வருகிற மனிதர் அவர், உயிரோடு இருந்தபோதும் ஒரு சத்தத்துக்கு வந்துவிடுவார். இனிக் கூப்பிடக்கூடாது. சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவர் நிம்மதியாகக் கிடப்பார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நேரலை என்று அறிவித்தாள். நேரலையில் வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. சும்மா கையை வைத்துக்கொண்டு சொல்ல வாய் வராது என்று, ரொட்டி சுட்டுத் தட்டில் அடுக்கி, கட்டைச்சம்பல் இடித்து ஓரத்தில் வைத்தாள். போனைத் தட்டுக்கு மேலே ஸ்டாண்டில் மாட்டினாள். ஜன்னலால் நல்ல வெயில் வந்தது. முந்நூறு பேர் சேர்ந்திருந்தார்கள்.

"உங்களுக்கு ஒரு பொய் சொல்லிட்டன்," என்றாள். "றாஸிக் மவுத்தாகிட்டார். இப்ப ரெண்டு மாசத்துக்கு மேல. ஒட்டினதெல்லாம் பழைய கை. எனக்கு மனசு வரல்ல சொல்ல. மன்னிச்சுக்கோங்க. அவருக்கு துஆச் செய்ங்க."

பதில் வந்தது, அவள் பயந்ததுபோலவே, மேலே மேலே. இன்னாலில்லாஹி. இன்னாலில்லாஹி. யா அல்லாஹ், பஸ்மினா. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள், கண்ணீர் மாவுக் கையில் விழுந்தது. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. போய்விட்டார். இனி நிம்மதி.

தர்சினியின் பெயர் வந்தது.

"அக்கா, அப்ப தட்டுக்குப் பக்கத்தில இருக்கிறது ஆருட கை?"

மேசையைப் பார்த்தாள். தட்டு. ரொட்டி. சம்பல். வேறொன்றும் இல்லை.

போனைப் பார்த்தாள்.

இருந்தது. புளிக்கு ஊறவைத்த கொறுக்காய்போலக் கறுத்து. துணி நனைந்து. விரல்கள் ரொட்டியைத் தொட்டன. பிடிக்க முடியவில்லை. மேசையில் தட்டு லேசாக அசைந்தது. மறுபடி தொட்டன. நழுவியது. மறுபடி.

தையல் மெசின் நின்றுவிட்டது. கற்பூரம். ஈர மணல்.

போங்க என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். போங்க, ஒரு சொல். வாயைத் திறந்தாள். பதினொரு வருசம் அந்தக் கைக்குச் சோறு போட்டவள். அந்தக் கைக்குப் பசி என்பது அவளுக்குத் தெரிந்தது.

"பொறுங்க," என்றாள். "நான் தாறன்."

ஒரு துண்டு பிய்த்தாள். சம்பலில் தொட்டாள். வெறுமையில் நீட்டினாள். குளிர். விரல் நுனியில் மணல் உரசியது. துண்டு இல்லை.

போனில் அந்தக் கை ஓரத்தால் வெளியே போனது. திரும்பி வந்தது. விரிந்தது.

இன்னொன்று கொடுத்தாள். விரிந்தது. இன்னொன்று. இப்போது ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி முடிந்தது. சம்பலும் முடிந்தது. கை விரிந்தபடியே இருந்தது.

கொடுக்க ஒன்றும் இல்லை. அவள் தன் கையை நீட்டி அதற்குள் வைத்தாள்.

விரல்கள் ஒவ்வொன்றாக மூடின.

போனில், இரண்டு கைகளும் சேர்ந்து, மெதுவாக, ஓரத்தை நோக்கி நகரத் தொடங்கின.