மழை வந்துட்டு, ப்ரோ

மனிதன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, ஒரே கதையை இரண்டு முறை சொல்லாமல் முதுமையை எட்டியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில் குடியிருக்கும் சதீஷ்பாண்டி. இது சதீஷ்பாண்டியின் கருத்து. இந்தக் கருத்தையும் அவர் ஒரே ஒருமுறைதான் வெளியிட்டார். அதன்பிறகு மற்றவர்கள் சொல்லும்படி பார்த்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் அவர் தமது மூன்று சக்கர ஸ்கூட்டரை மின்னேற்று நிலையத்துக்கு ஓட்டிவந்து வரிசையில் செருகுவார். சார்ஜ் ஏற இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஊர்ப் பெரியவர்கள் விளக்கு வைக்கும்வரை தகரக் கூரைக்கடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பேட்டரிகள் இவ்வளவு வேகமாகிவிட்டதை அவர்களில் யாரும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு இந்துமதி முன்னதாகவே வந்திருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி, ஊரில் பாதிப் பேருக்கு எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தவர்.

“ப்ரோ, பத்தாங்கிளாஸ் ரிசல்ட் பாக்கப் போன அன்னைக்கு ப்ரௌசிங் சென்டர்ல கரண்டு போச்சுல்லா…” என்று அவர் ஆரம்பித்தார்.

சதீஷ்பாண்டி உள்ளங்கையை வானத்தை நோக்கி விரித்தார். “மழை வந்துட்டு, க்கா.”

வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. இந்துமதி மிச்சக் கதையை விழுங்கிக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். ‘ப்ரோ’ என்பது பெரியவர்களை மரியாதையாக விளிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்று நினைத்திருந்த இளைஞர்கள் சிலர், வண்டியைச் செருகியபடி அவர்களை வணக்கத்தோடு பார்த்துப் போனார்கள்.

அறுபது தாண்டிய எல்லோர் காதிலும் செவித்தோழன் இருந்தது. பேச்சுவழக்கில் அது பட்ஸ். காது மந்தமானவர்களைக் கேட்கவைக்க வந்த கருவி; ஆனால் கேட்கவிடாமல் செய்ததில்தான் பெயர் வாங்கியது. ஒருவர் ஒரு கதையைத் தொடங்குவார். அதை எப்போதோ, யார் வாயாலோ நீங்கள் கேட்டிருந்தால், இரண்டாவது வாக்கியத்தில் உள்ளிருக்கும் மறுசொல் வடிப்பான் கண்டுபிடித்துவிடும். குரல் மங்கும். பதிலுக்கு மழைச்சத்தம் கேட்கும். கரிசல்காட்டு மக்கள் எந்தச் சத்தத்துக்குக் கோபப்பட மாட்டார்கள் என்று ஆராய்ந்து வைத்த சத்தம் அது. வந்த புதிதில் பெரியவர்களுக்குத் தந்ததைப் பிறகு மருமகள்கள் கேட்டு வாங்கினார்கள். பேரன்கள் கேட்காமலே மாட்டிக்கொண்டார்கள். வீடுகளில் சண்டை குறைந்துவிட்டதாக ஓர் அறிக்கை வந்தது. பேச்சும் அதே அளவுக்குக் குறைந்ததை அந்த அறிக்கை அடிக்குறிப்பில் பாராட்டியிருந்தது.

எழுபது வயதுக்கு மேல் புதிதாக என்ன நடந்துவிடப் போகிறது? ஊரில் கதைப் பஞ்சம் வந்தது. வசதியுள்ளவர்கள் தென்காசி, ராஜபாளையம் என்று பஸ் ஏறி, தங்களை அறியாத காதுகளைத் தேடிப் போனார்கள். அதற்குப் புதுக்காது என்று பெயர். பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு புதுக்காது கிடைத்தால் இறங்க வேண்டிய ஊரை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. போக முடியாதவர்கள் கதையின் உறுப்புகளை மாற்றினார்கள். மாமாவைச் சித்தப்பாவாக்கினால் வடிப்பான் ஏமாறாது. மாட்டை ஒட்டகமாக்கினால் ஏமாறும். கோவில்பட்டி வரலாற்றில் ஒட்டகங்கள் பெருகியது இப்படித்தான்.

இந்த இரண்டும் வேண்டாமென்று பட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கத்திப் பேசும் கூட்டம் ஒன்று நிலையத்தின் மறுகோடியில் இருந்தது. தினமும் அதே கதை. தினமும் அதே இடத்தில் சிரிப்பு.

“மென்ன சோத்தையே மெல்லுதானுவ” என்றார் சதீஷ்பாண்டி. “சிரிக்கிற இடம் எதுன்னு தெரிஞ்சப்புறமும் எப்படி க்கா சிரிப்பு வருது? வெட்கமா இருக்காது?”

“தெரிஞ்சதுனாலதான் வருதோ என்னமோ” என்றார் இந்துமதி.

சொன்னதைத் திரும்பச் சொல்லாததற்குப் பட்ஸ் போடும் மதிப்பெண்ணுக்குப் புதுமைக் குறியீடு என்று பெயர். சதீஷ்பாண்டிக்கு அது நூற்றுக்கு நூறு. தாலுகாவில் வேறு யாருக்கும் அது கிடையாது. வருகிற திங்கட்கிழமை நகராட்சி மண்டபத்தில் அவருக்கு ‘மறுசொல்லா மாமணி’ பட்டம் தரப்போகிறார்கள். பட்ஸைக் கழற்றினால் பெயர் பட்டியலிலிருந்து உடனே போய்விடும் என்பதால் குளிக்கும்போதுகூட அவர் கழற்றுவதில்லை. அவர் ஆயுளில் நடந்தவை எல்லாம் ஒவ்வொரு முறை சொல்லப்பட்டுவிட்டன. சில வருடங்களாக அவர் அதிகம் பேசுவதுமில்லை. அதை நிதானம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

அந்த நேரத்தில் எட்வின் வந்தார். பள்ளிக்காலத்திலிருந்து சதீஷ்பாண்டியோடு ஒட்டிக்கொண்டிருப்பவர். மனைவி பிரிசில்லா போன மார்ச்சில் இறந்த பிறகு ஸ்கூட்டரைக்கூட எடுப்பதில்லை; சார்ஜ் ஏற்ற எதுவுமில்லாமலே நடந்து வருவார். எட்வினிடம் சொல்லத் தக்க கதை ஒன்றே ஒன்றுதான். கொரோனா காலத்தில், ஊரடங்கில் நடந்த அவர் கல்யாணம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியவர். ஓட்டியதற்கு விலையாக, வடிப்பானுக்குத் தப்ப பிரிசில்லாவை ஒவ்வொரு தடவையும் ஒரு புது வாகனத்தில் ஏற்றினார். டிராக்டரில் வந்தாள், ஆம்புலன்ஸில் வந்தாள், மீன்பாடி வண்டியில் ஐஸ்கட்டி மேல் உட்கார்ந்து வந்தாள்.

“வாங்க ப்ரோ. போன வாரம் ஹெலிகாப்டர்ல வந்துட்டா. இனி ராக்கெட்டுதான்” என்று இந்துமதி முறுக்கை நீட்டினார்.

எட்வின் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். “கேளுங்க க்கா. அன்னைக்கு முழு ஊரடங்கு. ரோட்டுல மயில்தான் நடக்குது. சாத்தூர்லருந்து பொண்ணு வரணும். ஜில்லா மாறுதா, ஈ-பாஸ் இல்லாம விட மாட்டான். அப்பம் பிரிசி என்ன செஞ்சா…” அவர் மாற்றுவதற்கு ஒரு வாகனத்தைத் தேடினார். கை காற்றில் நின்றது. “என்ன செஞ்சா…”

“சொல்லுங்க.”

“இல்ல, நெசமா என்ன செஞ்சா?”

இந்துமதி சிரித்தார். எட்வின் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“டேய் சதீஷு” என்றார் எட்வின் மெதுவாக. “வீட்டுல கல்யாணப் போட்டோ இருக்குல்லா. ரெண்டு பேரும் மாஸ்க் போட்டிருக்கோம். அவ வெள்ளைச் சேலை இடுப்புக்குக் கீழ அப்படியே நனைஞ்சிருக்கு. ஏன்னு ரெண்டு நாளா யோசிக்கேன். ஐஸ்கட்டியான்னு நினைச்சேன். ஐஸ்கட்டி நான் போட்டதுல்லா? தக்காளி, மீன், எல்லாமே நான் போட்டது. அடியில என்ன இருந்துச்சுன்னே தெரியல. அந்தக் கோயில் வாசல்ல வச்சு அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா. அதுவும் போச்சு. நீதானடா வண்டி ஓட்டுன?”

சதீஷ்பாண்டிதான் ஓட்டினார். சேலை எப்படி நனைந்தது என்று கண்ணால் பார்த்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் மட்டும்தான்.

“இதுக்குப் போயி… உம் பொண்டாட்டிய கூட்டிட்டு வந்தது என் லோடு ஆட்டோவுலடா. சாத்தூர் பாலத்துலருந்து…” என்று ஆரம்பித்தவர் காதுக்குள் ஓர் இனிய பெண்குரல் குறுக்கிட்டது. இக்கதை முன்பே தங்களால் சொல்லப்பட்டுள்ளது. தொடர்ந்தால் தங்கள் குறியீடு குறையும். தொடர விரும்புகிறீர்களா?

எதிரில் எட்வின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை மெல்ல விரித்தார்.

“மழை வந்துட்டு, ப்ரோ.”

அப்போதுதான் சதீஷ்பாண்டிக்கு ஞாபகம் வந்தது. எட்வினுடைய அறுபதாவது பிறந்தநாள். கேக் வெட்டிய கையோடு மகன் அவர் காதில் புது பட்ஸை மாட்டிவிட்டான். எல்லோரும் வற்புறுத்த, சதீஷ்பாண்டி இந்தக் கதையைச் சொன்னார். பிரிசில்லா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நன்றாகச் சொன்னார், ஒரு சொல் விடாமல் சொன்னார். அதனால் எட்வினின் காதுக்கு அந்தக் கதை அன்றோடு முடிந்துபோயிருந்தது.

“மாத்திச் சொல்லும். பட்டத்துக்கும் பழுதில்ல” என்று இந்துமதி முணுமுணுத்தார்.

அதுவும் சரிதான். சதீஷ்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். “அன்னைக்கு ஒரு பால் வண்டி. உம் பொண்டாட்டி பால் கேனுக்கு நடுவுல உக்காந்து…”

எட்வின் முகம் மலர்ந்தது. கேட்டுவிட்டது. “பாலா? அப்ப சேலையில பாலா? பாலா இருந்தா பிசுபிசுன்னு இருந்திருக்குமேடா. அவ ஒண்ணுஞ் சொல்லலையே.” ஒரு கணம் யோசித்தார். “பாலாத்தான் இருக்கும்” என்று தலையாட்டிக்கொண்டார். கிடைத்த பாலை அப்படியே எடுத்து அந்தப் போட்டோவின் மேல் ஊற்றிக்கொண்டார்.

சதீஷ்பாண்டியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எட்வினுக்குக் கேட்கிற எதுவும் பொய். உண்மையாக இருப்பது எதுவும் அவருக்குக் கேட்காது. இப்படி ஒரு கருவியில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. இன்னும் சிறிது நேரம் போனால் பால் காய்ந்து கறையாகிவிடும்.

அவர் எழுந்துபோய் எட்வினின் இரண்டு காதிலிருந்தும் பட்ஸைப் பிடுங்கினார்.

“ஏய், என்னடா?”

பிறகு தம்முடையதையும் கழற்றினார். உலகம் பஞ்சு வைத்து அடைத்ததுபோலாயிற்று. இந்துமதியின் வாய் ‘ப்ரோ, திங்கக்கெழம’ என்று அசைந்தது. சதீஷ்பாண்டி இரண்டு ஜோடியையும் அவர் முறுக்குப் பொட்டலத்தில் போட்டுவிட்டு, எட்வினின் காதோரம் குனிந்தார். குனிந்தாலும் கத்தத்தான் வேண்டியிருந்தது.

“பால் கிடையாது! தண்ணி! தண்ணி கேன்!”

“என்னது?”

“தண்ணிடா! காலைல ஆறு மணி, சாத்தூர் பாலத்துல ஒரு குருவி கிடையாது. என் லோடு ஆட்டோவுக்குத்தான் பாஸ் இருக்கு. தண்ணி வண்டி, அத்தியாவசியம்! உன் பொண்டாட்டி பட்டுச் சேலையும் பூவுமா வந்து கேனுக்கு நடுவுல ஏறி உக்காந்துட்டா. அதுல ஒரு கேனுக்கு மூடி இல்ல!”

வரிசையில் வண்டி செருகிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

“மூடி?”

“இல்ல! வண்டி குலுங்குனா கொட்டிரும். நான் சொன்னேன், போனாப் போவுது தங்கச்சி, கீழ ஊத்திருவோம்னு. கேக்கலையே! கல்யாணப் பந்திக்கு வச்ச தண்ணிண்ணே, ஊர்ல குடிதண்ணி வந்து பத்து நாளாச்சாம்லாங்கா. கேனைத் தூக்கி மடியில வச்சு, மருதாணி போட்ட கையால வாயைப் பொத்திக்கிட்டா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டம்ளர் மடியில! கோவில்பட்டி வரைக்கும்!”

எட்வினின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“ஜில்லா எல்லையில ஒரு போலீஸ்காரரு. தார்ப்பாயைத் தூக்கிப் பாத்துட்டாரு. என்னம்மா, நீ கல்யாணப் பொண்ணா, தண்ணி சப்ளையான்னாரு. அவ சொல்லுதா, ரெண்டுந்தான் சார், நீங்க ராத்திரி முழுக்க நிக்கீங்கபோல, கையை நீட்டுங்கங்கா. அந்த மனுசன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிட்டு ரெண்டு கையையும் ஏந்தி மடக்கு மடக்குன்னு குடிச்சாருடா! அப்புறம் ஒண்ணுமே கேக்கல. தடுப்புக் கம்பைத் தூக்கிட்டாரு!”

எட்வின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “இரு, இரு. கோயில் வாசல்ல நான் கேட்டேன். ஏன் நனைஞ்சிருக்குன்னு கேட்டேன்.”

“கேட்ட!”

“அவ சொன்னா…”

சதீஷ்பாண்டிக்குத் தெரியும். ஆனால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். எழுபத்தெட்டு வருடத்தில் ஒரு கதையின் நடுவே அவர் காத்திருந்தது அதுதான் முதல்தடவை. எட்வினின் உதடுகள் இரண்டு முறை அசைந்து நின்றன. மூன்றாவது முறை வந்தது.

“உங்க ஊருக்குத் தண்ணி கொண்டாந்திருக்கேன்னா.”

“அதேதான்டா!”

“உங்க ஊருக்குத் தண்ணி கொண்டாந்திருக்கேன்” என்று எட்வின் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்களை மட்டும் துடைக்கவில்லை. இந்துமதி இந்தக் கதையை இதற்குமுன் கேட்டிருந்தவர். அவரும் எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை; பொட்டலத்தில் முறுக்கைவிட பட்ஸ்தான் அதிகமாகக் கிடந்தது.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. சதீஷ்பாண்டிக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெகுகாலமாகப் புழங்காத தொண்டை.

“டேய்” என்றார் எட்வின். “அந்தப் போலீஸ்காரரு தண்ணி குடிச்சாருல்லா. அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லு.”

சதீஷ்பாண்டி சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இன்னும் நெருக்கி உட்கார்ந்தார்.

“அதை மட்டும் தனியா சொல்ல முடியாதுடா. பாலத்துலருந்துதான் வரணும்” என்றார். “காலைல ஆறு மணி. சாத்தூர் பாலத்துல ஒரு குருவி கிடையாது…”